பரணில் கிடந்த பெங்குவின்
சேலையூர் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து வந்து விழுந்தது பழைய ஆகாஷ் 2. 2012 நவம்பரில், மாணவர்களுக்கு 1,130 ரூபாய் என்று ஊரே பேசிய அதே டேப்லெட். எனக்கு நினைவிருப்பது விலையல்ல, அதில் லினக்ஸ் ஓடியது. மும்பை ஐஐடிக்காரர்கள் அதற்கென்றே தயாரித்த லினக்ஸை மைக்ரோ எஸ்டி அட்டையில் எழுதிச் செருகினால் போதும். உள்ளே இருந்த ஆல்வின்னர் சிப் முதலில் அட்டையைத்தான் எட்டிப் பார்க்கும். அட்டையை உருவினால் பழையபடி ஆண்ட்ராய்டு. 512 எம்பி ராமில் ஒரு மெனு திறப்பதற்குள் சானடோரியத்தில் கிளம்பிய மின்சார ரயில் குரோம்பேட்டை போய்விடும், அது வேறு கதை. அண்ணன் மகனோ இப்போது, அதைவிடப் பல மடங்கு வேகமான ஒரு டேப்லெட்டில் லினக்ஸை ஏற்ற மூன்று ஞாயிறாக மல்லுக்கட்டுகிறான். பூட்லோடருக்குப் பூட்டு, அதை உடைத்தால் தொடுதிரைக்கு டிரைவர் இல்லை. லேப்டாப் என்றால் ஒரே பென்டிரைவை எதில் வேண்டுமானாலும் செருகலாம். ஆர்ம் டேப்லெட்டிலோ எந்தப் பாகம் எங்கே இருக்கிறதென்று மாடலுக்கு மாடல் கெர்னலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். காசு நம்முடையது, சாவி மட்டும் விற்றவரிடம் என்பதுதான் எனக்கு எரிச்சல். பையன் ஆகாஷைத் துடைத்து, சார்ஜில் போட்டு, அட்டையைச் செருகினான். "சித்தப்பா, இது மட்டும் எப்படி ஒண்ணும் கேக்காம உள்ளே விடுது?"