சபா நகைச்சுவை நாடகமும் ஆய்வுப் புறக்கணிப்பும்

சென்னைச் சபாக்களில் வளர்ந்த நகைச்சுவை நாடகங்களைத் ‘துணுக்குத் தோரணம்’ என்று ஒதுக்குவது நாடக ஆய்வாளர் சிலரிடம் வழக்கமாகிவிட்டது. இம்முடிவு தமிழ் மரபின் அளவுகோலுக்கே முரணானது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதற்கண் வைத்தார். எள்ளலையும் மடனையும் அதன் நிலைக்களன்களுள் அடக்கினார்.

1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில், தலைவன் சொல்லை ஆராயாது அப்படியே கொள்ளும் வேலைக்காரனால் சிரிப்புப் பிறக்கிறது. இது மடன். சோவின் ‘முகமது பின் துக்ளக்’ (1968) துக்ளக்கை நிகழ்காலத் தேர்தல் அரசியலில் நிறுத்தி ஆட்சியாளரை நகையாடுகிறது. இஃது எள்ளல். இரண்டிலும் நகை கதைக்கட்டமைப்பினின்றே எழுகிறது; ஒட்டவைத்த துணுக்கன்று. கிரேசி மோகனின் நாடகங்களில் சொல்விளையாட்டு மிகுதி என்பது உண்மையே. ஆயினும் சிலேடையைக் காளமேகத்திடம் புலமை என்று போற்றுவோர், மேடையில் அதனை மலிவு என்பது எவ்வகையிற் பொருந்தும்?

இந்நாடகங்களுள் தரம் குன்றியவை பலவாகலாம். அதனை நிறுவ வேண்டியது ஆய்வே, முன்முடிவன்று. அச்சேறாத மேடைப்பிரதிகள் நடிகரோடு மறைவதற்குமுன் அவற்றைத் தொகுப்பது தமிழ்த்துறைகளின் கடன். பனுவலைக் காணாது வழங்கும் தீர்ப்பு திறனாய்வாகாது.