கைதட்டு வேண்டாம், நாற்காலியைக் கொடுங்க

சொந்த ஊர் காரைக்குடி. வங்கி உத்தியோகம் கொண்டுவந்து போட்டிருப்பது திருவனந்தபுரம் கரமனையில். இங்கே பிராஞ்சல் பாட்டில்னு பேரைச் சொன்னா போதும், "எந்தொரு தைரியம்!"னு ஒரு பெருமூச்சு வரும். எனக்கு அந்தப் பெருமூச்சைக் கேட்டாலே எரிச்சல்தான். ஏன்னு சொல்றேன்.

கதை தெரியாதவங்களுக்கு... மகாராஷ்டிராவின் உல்ஹாஸ்நகர்க்காரர். ஆறு வயசுல பார்வை போச்சு. 2015 சிவில் சர்வீஸ் தேர்வில் 773வது இடம். ரயில்வே கணக்குப் பணியை ஒதுக்கினாங்க. 2016ல் ரயில்வே, "நூறு சதவீதம் பார்வை இல்லை, எடுக்க முடியாது"ன்னு கையை விரிச்சது. கவனிங்க மக்களே, பரீட்சை எழுத விட்டாங்க, நேர்முகம் வெச்சாங்க, பாஸ்னு சொன்னாங்க. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கண்ணு ஞாபகம் வந்திருக்கு!

அவர் விடலை. அடுத்த தேர்வில் 124வது இடம். ஐ.ஏ.எஸ்., கேரளா. 2019 அக்டோபர் 14 அன்னிக்கு இதே திருவனந்தபுரத்தில் சப் கலெக்டரா பொறுப்பேத்துக்கிட்டார். ஊரே கைதட்டிச்சு.

சரி, ஒரு சந்தேகம். கணக்கு வேலைக்கே லாயக்கில்லைன்னு சொல்லப்பட்டவர், ஒரு ரெவென்யூ டிவிஷனை நிர்வாகம் பண்ணினது எப்படி? கண்ணு அதே கண்ணுதானே? அப்போ முதல்ல சொன்ன "முடியாது" தப்பு. நான் பி.காம். ஆளு. எனக்கு வரவு எழுதினா பற்றும் எழுதியாகணும். பாராட்டை அவர் பேரில் வரவு வெச்சோம். அந்த மறுப்பை யார் பேரில் பற்று எழுதினோம்? யார் பேரிலும் இல்லை.

ரெண்டாவது தடவை எழுத வசதியில்லாத பொண்ணு என்ன பண்ணும்? "வேணாம்மா, வீட்டோட இரு"ன்னு சொல்ற குடும்பத்துப் பொண்ணு? அவங்க கதை பேப்பர்ல வராது.

என் துறைக்கே வர்றேன். ஒரு காலத்தில் வங்கியில் பார்வையற்றவர்னா டெலிபோன் ஆபரேட்டர் நாற்காலிதான். இன்னிக்குக் கணினியே திரையைப் படிச்சுக் காட்டுது. சென்னை பெனோ ஸெஃபைன் ஸ்டேட் பாங்க்கில் புரொபேஷனரி ஆபீசரா இருந்தவர். 2015ல் இந்திய வெளியுறவுப் பணிக்கே போனார், முழுக்கப் பார்வையில்லாத முதல் ஆளா.

ஆனாலும் பாருங்க. முன்னே நான் வேலை பார்த்த ஒரு கிளையில் பார்வையற்ற பொண்ணு ஒருத்தர் சேர வந்தாங்க. மேலாளர் கேட்ட முதல் கேள்வி: "கேஷ் எண்ணுவீங்களா?" அந்தக் கிளையில் பாதிப் பேர் கேஷ் கவுண்டர் பக்கமே போறதில்லை, அது வேற விஷயம். அந்தப் பொண்ணு அசரலை. "ஸ்க்ரீன் ரீடர் போட்டுக் கொடுங்க சார், அப்புறம் வேலையைக் கேளுங்க." சாஃப்ட்வேர் வர மூணு மாசம் ஆச்சு. "சும்மா சம்பளம்"ங்கிற பேச்சு மட்டும் அன்னிக்கே வந்துடுச்சு. தாமதம் ஆபீசோடது, கெட்ட பேரு அவங்களுக்கு!

இது கருணை விஷயம் இல்லீங்க, சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அரசுப் பணியிடங்களில் 4 சதவீதம் ஒதுக்குது, அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவங்களுக்கும். வேலை செய்யத் தேவையான வசதியைச் செஞ்சு தர்றதும் அரசு நிறுவனத்தோட கடமை. 2025 மார்ச் 3 அன்னிக்கு உச்ச நீதிமன்றம், பார்வை இல்லைங்கிற காரணத்துக்காக நீதிபதிப் பணியைக்கூட மறுக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு அம்மா எழுதின கடிதத்தில் ஆரம்பிச்ச வழக்கு அது.

அதனால, வேலை தேடுற தங்கச்சிகளே, கூச்சப்படாமக் கேளுங்க. "முடியாது"ன்னு யாராவது சொன்னா, எந்த விதிப்படின்னு எழுத்தில் கேளுங்க. வாயால சொல்ற நிறைய "முடியாது" பேப்பருக்கு வராது. இது என் சர்வீஸ் அனுபவம்.

மத்தவங்களுக்கு ஒண்ணு. அடுத்த தடவை "என்ன தைரியம்!"னு சொல்ல வாய் வந்தா, பாஸான பொண்ணு வேலையில் சேர எதுக்குங்க தைரியம் வேணும்னு ஒரு நிமிஷம் யோசிங்க.