குத்தகைக்கு எடுத்த பெயர்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வெளியூர் இலக்கிய நண்பர்களை அழைத்துச் செல்வது பல ஆண்டுகளாக என் வேலையாகிவிட்டது. எல்லோரும் குடவோலையைப் பற்றித்தான் கேட்பார்கள். முப்பது குடும்புகள், ஓலையில் எழுதிய பெயர்கள், குடத்துக்குள் கைவிடும் சிறுவன். முதலாம் பராந்தகன் காலத்து (பொ.ஆ. 919, 921) அக்கல்வெட்டுகளில் எனக்குப் பிடித்தது வேறோர் இடம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களையும் குடத்தில் இடலாகாது என்கிற விதி அது. எங்கள் சிற்றிதழின் பெயர் பறிபோனபோது அந்த விதிதான் நினைவுக்கு வந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து நடத்திய காலாண்டிதழ் பதினெட்டு இதழ்களோடு நின்றுபோயிற்று. பழைய இதழ்களைத் தட்டச்சு செய்து, இதழின் பெயரிலேயே ஒரு டாட் காம் முகவரியில் ஏற்றிவைத்தோம். டொமைன் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் களப்பெயரைப் பதிந்து தந்தவர் கடைத்தெருவில் கணினி மையம் வைத்திருந்த நண்பர். பட்டுப்புடவைக் கடை, திருமண மண்டபம், அரிசி ஆலை என்று சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் அவரே பதிவாளர். ஆண்டுதோறும் பணத்தைக் கையில் கொடுப்போம்; ரசீது கேட்டதில்லை. பிறகு அவர் மையத்தை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போனார். பெயர் அவருடைய பெயரில், அவருடைய பழைய மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது என்பது தளம் மறைந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. இன்று அந்த முகவரிக்குச் சென்றால் ரம்மி விளம்பரம் வருகிறது. தி. ஜானகிராமன் சிறப்பிதழ் இருந்த இடம்!

அவர் எங்களை ஏமாற்றவில்லை. எந்தப் பதிவாளர் வழியாகப் பதிந்தார் என்பதும் இங்கே பொருட்டல்ல. கடைத்தெருவில் ஒரு சிறு கடை உலகப் பெயர்ப் பதிவேட்டில் கைவைக்க முடிந்தது எப்படி என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை தேடினால் மும்பைக்குப் போகவேண்டும். 1990களில் டாட் காம் பெயர்களைப் பதியும் உரிமை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே அமெரிக்க நிறுவனத்திடம் இருந்தது. 1995 முதல் இரண்டாண்டுப் பதிவுக்கு 100 டாலர் வாங்கினார்கள். 1998இல் ஐகான் அமைப்பு உருவாகி, அடுத்த ஆண்டு போட்டிக்குக் கதவு திறந்தது. அதே 1998இல் பவின் துராகியா, திவ்யாங்க் துராகியா என்னும் சகோதரர்கள், பதின்ம வயதிலேயே, தந்தையிடம் 25,000 ரூபாய் கடன் வாங்கி டைரக்டியைத் தொடங்கினார்கள். தாமே கடைவிரித்து விற்பதைவிட, விற்பவர்களுக்கு விற்பது என்பதுதான் அவர்களுடைய ரிசெல்லர்கிளப்பின் உத்தி. பலகையில் கடைக்காரரின் பெயர் இருக்கும். பின்னால் இருக்கும் பதிவாளரை வாங்குபவர் அறியவேண்டியதில்லை. நேரடி வாடிக்கையாளருக்கான பிக்ராக் பின்னால் வந்ததுதான். எங்கள் ஊர் போன்ற இடங்களுக்குக் களப்பெயர் வந்துசேர்ந்தது இத்தகைய மறுவிற்பனைமுறையால்தான். விலையும் இறங்கியது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

2014இல் டைரக்டியின் பதிவுத் தொழிலை எண்டூரன்ஸ் என்ற அமெரிக்கக் குழுமம் வாங்கிற்று. புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் என்று ஏற்கெனவே பல நிறுவனங்களை வாங்கிச் சேர்த்திருந்த குழுமம் அது. 2021இல் கிளியர்லேக் முதலீட்டு நிறுவனம் எண்டூரன்ஸை வாங்கி வெப்.காமுடன் இணைத்து நியூஃபோல்டு டிஜிட்டல் ஆக்கியது. வெப்.காம் 2011லேயே நெட்வொர்க் சொல்யூஷன்ஸை வாங்கியிருந்தது. ஆக, பழைய ஏகபோகமும் அதன் முடிவால் பிழைத்தெழுந்த மும்பைப் பிள்ளைகளின் நிறுவனமும் கடைசியில் ஒரே கூரையின்கீழ் வந்துசேர்ந்தன. பவின் துராகியா ரேடிக்ஸ் என்ற தனி நிறுவனத்தின் மூலம் டாட் ஆன்லைன் போன்ற புதிய பின்னொட்டுகளின் பக்கம் போய்விட்டார். அதாவது, சில்லறை வியாபாரத்தை விட்டு நிலத்தையே வாங்கிவிட்டார்.

வியாபாரம் வளர்வதில் எனக்கு வருத்தமில்லை. நாம் வாங்கியது என்ன என்பதை நாம் அறியாமல் இருந்ததுதான் வருத்தம். ஊரில் கால் ஏக்கர் வாங்கினாலும் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று மூன்று முறை சரிபார்க்கிறோம். களப்பெயருக்குக் கிரயமே கிடையாது. அது குத்தகை, ஒரே தவணையில் அதிகபட்சம் பத்தாண்டு. தவணை தவறினால் பதிவாளர் சில வாரம் பொறுப்பார். பிறகு மீட்புக்கு 30 நாள், அதன்பின் 5 நாள், அதற்குப் பின் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பல பெயர்கள் அதற்கு முன்பே ஏலத்துக்குப் போய்விடுகின்றன. தவணை முடியுமுன் இருமுறை நினைவூட்ட வேண்டும் என்று 2013 முதல் ஐகான் விதி இருக்கிறது. நினைவூட்டல் யாருக்குப் போகும்? பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவருக்கு. எங்கள் விஷயத்தில் அது எவரும் திறக்காத ஓர் அஞ்சல்பெட்டி.

தமிழிலேயே முகவரி வைத்துக்கொள்ளலாமே, டாட் இந்தியா தமிழ் எழுத்தில் கிடைக்கிறதே என்று நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். நல்லதுதான். ஆனால் எழுத்து மாறினாலும் குத்தகை குத்தகைதான்.

சிற்றிதழ்க்காரர்களுக்கு இரண்டு சொல்லவேண்டும். முதலாவது, உங்கள் தளத்தின் பெயர் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். அமைத்துத் தந்த தம்பியின் பெயரில் இருந்தால் மாற்றுங்கள். இரண்டாவது, நின்றுபோன இதழ்களின் களப்பெயர்களையும் கோப்புகளையும் சேர்த்துக் காக்க ஒரு பொது அறக்கட்டளை வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிற அறக்கட்டளை. காகிதத்துக்கு ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் 2005 முதல் உழைக்கிறது. முகவரிகளுக்குத்தான் யாருமில்லை.

எங்களிடம் அச்சுப்பிரதிகள் பதினேழு இருக்கின்றன. மீண்டும் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டோம். ஏழாவது இதழ் மட்டும் கிடைக்கவில்லை. அட்டையில் வறண்ட ஏரியின் கோட்டோவியம் இருக்கும். வைத்திருப்பவர்கள் எழுதுங்கள், படியெடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுகிறோம்.