சீட்டு யாருக்கு?

பந்தலூர் பஜாரில் தேர்தல் பேச்சு தொடங்கினால் முதலில் வரும் கேள்வி, "இந்த முறை சீட்டு யாருக்கு?" என்பதுதான். உடனே டீக்கடை பெஞ்சிலேயே வேட்பாளர் ஒப்பீடு நடக்கும். ஒருவர் மாவட்டச் செயலாளரின் ஆள். இன்னொருவரிடம் 'வைட்டமின் ப' இருக்கிறது. மூன்றாமவர் "எல்லாச் சமூகத்துக்கும் ஒத்துப்போகிறவர்".

இந்த மூன்றாவது தகுதிதான் எனக்கு எப்போதும் உறுத்தும். பக்கத்தில் ஊட்டியும் குன்னூரும் பொதுத் தொகுதிகள். அங்கே சீட்டு கேட்பவரைப் பற்றி, "இவர் தலித்துகளுக்கு ஒத்துப்போவாரா?" என்று எந்தக் கட்சியாவது நேர்காணலில் கேட்டதுண்டா? பந்தலூர் அடங்கிய கூடலூர் தனித்தொகுதி. இங்கே மட்டும் வேட்பாளர் சாதுவாக இருக்க வேண்டும், யாரையும் முறைக்கக் கூடாது, கோரிக்கையைக்கூடக் கையைக் கட்டிக்கொண்டு வைக்க வேண்டும். இதற்குப் பெயர் 'வெற்றி வாய்ப்பு'.

தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, 2011 தேர்தலிலிருந்து கூடலூர் தனித்தொகுதியாக இருக்கிறது. 2011, 2016 இரண்டிலும் திமுகவின் மு. திராவிடமணி வென்றார். 2021இல் அதிமுகவின் பொன். ஜெயசீலன் 2,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதாவது இது எந்தக் கட்சிக்கும் எழுதிக்கொடுக்கப்பட்ட தொகுதி அல்ல. இப்படிப்பட்ட இடத்தில் வாக்காளருக்கு உண்மையான அதிகாரம் இருந்திருக்க வேண்டும். ஆனால் நாம் வாக்குச்சாவடிக்குப் போவதற்குள் பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், பட்டியல் எல்லாம் சென்னையில். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை.

"கட்சிக்குள் வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுப்பதெல்லாம் அமெரிக்காவில்தான் நடக்கும்" என்று ஒரு தோழர் சொன்னார். 2025 ஜூனில் நியூயார்க் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜோரான் மம்தானி, முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்ததை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்து மகிழ்ந்தோம். ஆனால் நம் வரலாற்றிலேயே ஒரு முதல்கட்டத் தேர்தல் இருந்தது. அது தலித்துகளுக்காகவே இருந்தது. அதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

1932 செப்டம்பர் 24 அன்று எரவாடாவில் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைப் பறித்தது. பதிலுக்கு மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களை ஒதுக்கியது. அதில் சென்னை மாகாணத்துக்கு 30. கூடவே ஓர் ஏற்பாடும் இருந்தது. ஒவ்வொரு தனித்தொகுதியிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் முதலில் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நான்கு பேரில் ஒருவரைத்தான் எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்க முடியும். சேரியின் ஒப்புதல் இல்லாமல் சேரியின் பிரதிநிதி இல்லை என்பதே அதன் உள்ளடக்கம்.

அது போதுமானதாக இருந்ததா? இல்லை. நான்கு பேரில் முதலாவதாக வந்தவரை விட்டுவிட்டு, கடைசியாக வந்தவரைச் சாதி இந்துக்கள் தங்கள் வாக்கு பலத்தால் ஜெயிக்க வைக்க முடிந்தது. 1945–46 தேர்தலில் இதுதான் நடந்தது. முதல்கட்டத்தில் கணிசமான ஆதரவு பெற்ற பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு, இறுதிச் சுற்றில் துடைத்தெறியப்பட்டது. அம்பேத்கர் மீண்டும் தனி வாக்காளர் தொகுதியைக் கேட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பின்னர் அந்த முதல்கட்டத் தேர்தலும் போனது. கூட்டுத்தொகுதியும் ஒதுக்கீடும் மட்டும் நின்றன. சேரி தேர்ந்தெடுத்த இடத்தில் கட்சித் தலைமை உட்கார்ந்துகொண்டது.

அமெரிக்காவிலும் இதற்கு ஒரு கசப்பான பாடம் உண்டு. தென் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராவதே வெற்றி பெறுவதற்குச் சமம் என்ற காலத்தில், அந்தக் கட்சி தன் உட்கட்சித் தேர்தலை வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்திருந்தது. கறுப்பினத்தவர் பொதுத்தேர்தலில் வாக்களித்தாலும் பயனில்லை. முடிவு முன்பே எழுதப்பட்டிருந்தது. 1944இல்தான் உச்ச நீதிமன்றம், டெக்சாஸ் வழக்கில், அதைச் செல்லாது என்றது. எனவே உட்கட்சித் தேர்தல் என்ற பெயர் மட்டும் போதாது. அதில் யார் வாக்களிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 2014இல் காங்கிரஸ் சில மக்களவைத் தொகுதிகளில் சோதனை செய்த உட்கட்சித் தேர்தலில் வாக்கு இருந்தது பெரும்பாலும் நிர்வாகிகளிடம்தான்.

"சட்டமன்ற உறுப்பினர் எல்லோருக்கும் பொதுவானவர், எல்லோர் வாக்கும் வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். அந்த வாக்குகள் தேர்தல் நாளில் எண்ணப்படுகின்றனவே! வேட்பாளர் பட்டியல் போடும்போதும் ஒரு முறை மற்ற சாதிகளின் முகம் பார்த்தால், எங்கள் பிரதிநிதியை அவர்கள் இரண்டு முறை வடிகட்டுகிறார்கள் என்று பொருள்.

அப்படியானால் சீட்டு கேட்பவர்களை எதை வைத்து ஒப்பிடுவது? பந்தலூரில் அதற்கான அளவுகோல் கண்முன்னே இருக்கிறது.

ஒன்று, டேன்டீ. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக உருவான தோட்டங்கள் இவை. அவர்களில் பெரும்பான்மையினர் தலித்துகள். 2022இல் டேன்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு ஆணையிட்டது. ஓய்வு பெற்ற தொழிலாளி லைன் வீட்டைக் காலி செய்தால் எங்கே போவார்? எந்த வேட்பாளர் தன் கட்சி ஆளுங்கட்சியாக இருந்தாலும் இதைச் சட்டமன்றத்தில் கேட்பார்?

இரண்டு, 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலம். பட்டா இல்லை, மின்சாரம் இல்லை என்று தலைமுறைகள் கழிகின்றன.

மூன்று, பணியர், காட்டுநாயக்கர், குறும்பர். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே. நீலகிரியில் ஒன்றுகூட இல்லை. இவர்கள் பட்டியல் சாதியினர் அல்லர் என்பதால் கூடலூரில் போட்டியிடவும் முடியாது. எங்கள் வேட்பாளர் அவர்கள் குரலையும் தூக்குவாரா, அல்லது நாங்களும் அவர்களுக்குச் சாதி இந்துக்களாகவே இருக்கப்போகிறோமா?

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சமூக நீதி பேசும் கட்சிகள் கூடலூரில் நாளையே தொடங்கலாம். கிளை தோறும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு; வாக்குப்பெட்டி கட்சி அலுவலகத்தில் அல்ல, லைன்களிலும் காலனிகளிலும். சீட்டு கேட்பவர்கள் பந்தலூர் பஜாரில் ஒரே மேடையில் நின்று இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லட்டும். செய்ய மறுத்தால், நாமே மேடை போட்டு அவர்களை அழைப்போம். வராத நாற்காலியும் ஒரு பதில்தான்.

அடுத்த முறை டீக்கடையில் யாராவது "எல்லோருக்கும் ஒத்துப்போகிறவர்" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எதற்கு ஒத்துப்போகிறவர்?