வாராக்கடன் ஆவதற்கு முன்னால்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த விஷயம் இது. சொந்தக்காரர்கள் சிலரும் இதைப் படிப்பார்கள் என்பதுதான் தயக்கம். பரவாயில்லை, படிக்கட்டும்.

நான் குடிப்பவன். குடிகாரன் இல்லை. அதாவது, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022-ல் நாக்பூருக்கு மாற்றல். மகளின் படிப்பை உத்தேசித்து தங்கமணியும் மகளும் திருநெல்வேலியில், என் அம்மாவுடன். நான் இங்கே ஒற்றை அறை, ஒற்றை ஸ்டவ். வங்கியில் வேலை செய்பவர்களுக்கு இந்த 'கட்டாய பிரம்மச்சாரி' வாழ்க்கை புரியும். எட்டு மணிக்குக் கிளையைப் பூட்டிவிட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. முதலில் சனிக்கிழமை மட்டும் இருந்தது. பிறகு புதன் சேர்ந்தது. பிறகு 'இன்னிக்கு ஆடிட் முடிஞ்சுது', 'இன்னிக்கு ஆடிட் ஆரம்பிக்குது' என்று ஏதோ ஒரு காரணம் தினமும் கிடைத்தது.

2023 ஆகஸ்டில் ஒரு நாள். காலை பதினோரு மணி, கவுண்டரில் கூட்டம். தங்கமணியிடமிருந்து போன்.

"என்னங்க, டிக்கெட் போட்டாச்சா?"

"எதுக்கு டிக்கெட்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

முந்தின ராத்திரி அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தங்கமணி எனக்குப் போன் செய்திருக்கிறாள். நானும் பேசியிருக்கிறேன். போனில் பதிவு இருந்தது: இரவு 10.40, ஆறு நிமிடம். 'சரி, காலைல டிக்கெட் போட்டு கிளம்பறேன்' என்று சொன்னேனாம். எனக்கு ஒரு வார்த்தை ஞாபகமில்லை.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கர் வைத்து நடக்கிறாள். தங்கமணி அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மகள் மட்டும் ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள்: "ஒன்பது மணிக்கு மேல அப்பாவுக்குப் போன் பண்ணாதன்னு அம்மா சொல்லியிருக்காங்கப்பா."

நிற்க.

நம் ஊரில் இரண்டே பெட்டிதான். ஒன்று, 'தொடவே மாட்டார், தங்கமான மனுஷன்'. மற்றது, 'குடிகாரப் பய, ரோட்டில் கிடப்பான்'. நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. வேலைக்கு ஒழுங்காகப் போகிற, இ.எம்.ஐ. தவறாமல் கட்டுகிற, தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் வரவேற்புரை ஆற்றுகிற கூட்டம். ரோட்டில் விழவில்லை என்பதே தனக்குப் பிரச்சினை இல்லை என்பதற்குச் சான்றிதழ் என்று நினைக்கிற கூட்டம். நானும் அதில்தான்.

2019-ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் தயாரித்த அறிக்கை ஒன்று, நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், அதில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை என்கிறது. மூன்றில் ஒருவருக்கும் மேல். அத்தனை பேரும் ரோட்டில் கிடக்கிறார்களா என்ன?

வங்கியில் ஒரு கடன் ஒரே நாளில் வாராக்கடன் ஆகிவிடாது. தவணை தவறினால் எஸ்.எம்.ஏ.-0. முப்பது நாள் தாண்டினால் எஸ்.எம்.ஏ.-1, அறுபது தாண்டினால் எஸ்.எம்.ஏ.-2. தொண்ணூறு தாண்டிய பிறகுதான் என்.பி.ஏ. இத்தனை படி வைத்திருப்பதே முன்கூட்டி விழித்துக்கொள்ளத்தான். குடிக்கு மட்டும் நாம் நேராக என்.பி.ஏ. வரை காத்திருக்கிறோம்.

சரி, நான் என்ன செய்தேன்? முதலில் கணக்கு எழுதினேன். பி.காம். படித்ததற்கு இதுவாவது.

'தினம் ரெண்டு பெக்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இருமல் மருந்து மூடியால் அளந்து பார்த்தேன். என் எவர்சில்வர் டம்ளரில் நான் ஊற்றும் 'ஒரு பெக்' 75 மில்லி! ரெண்டு என்றால் 150 மில்லி, அதாவது ஐந்து ஸ்மால். வேலைநாள் ஐந்துக்கும் சேர்த்து 750 மில்லி, ஒரு முழு பாட்டில். சனிக்கிழமை குவார்ட்டர் தனி. வாரா வாரம் நானேதான் கடையில் பாட்டில் வாங்குகிறேன். ஆனாலும் 'ரெண்டு பெக்' என்றே நம்பினேன். வாடிக்கையாளர் இப்படிக் கணக்குக் காட்டினால் நான் கடன் கொடுப்பேனா?

பீர் குடிப்பவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். நம் ஊர் விஸ்கி, பிராந்தி 42.8 சதவீதம். 30 மில்லியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம், அதாவது நாலு ஸ்மால். 'பீர்தானே சார்' என்பதெல்லாம் சும்மா.

இரண்டாவது, டாக்டரிடம் போனேன். உண்மையான கணக்கைச் சொன்னேன். அவர் முதலில் சொன்னது, "நீங்களா ஒரே நாள்ல நிறுத்தாதீங்க." தினமும் அதிகம் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் கை நடுங்குகிறவர்கள், ஒரு வாய் போட்டால்தான் நடுக்கம் நிற்கும் என்கிறவர்கள் மருத்துவ உதவியோடுதான் நிறுத்த வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் கோபத்தில் பாட்டிலைப் பிடுங்கி உடைப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எனக்கு அந்த அளவு இல்லை. அவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தேன். அறையில் பாட்டில் வைப்பதில்லை. எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிறேன் (பாதி ஆசை பசிதான் என்று அப்போதுதான் தெரிந்தது). பிறகு அம்பாஜரி ஏரிப் பக்கம் ஒரு நடை. ஒன்பதரைக்கு வீட்டுக்கு வீடியோ கால்.

2024 மார்ச் கணக்கு முடிப்பில் சறுக்கினேன். நாலு நாள் பழைய கணக்குக்கே போய்விட்டது. அதையும் டைரியில் எழுதினேன். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, 60 மில்லி, அளந்துதான். சில மாதம் அதுவும் இல்லை.

"குறைக்கிறதெல்லாம் ஏமாத்து வேலை, விட்டா மொத்தமா விடணும்" என்பார்கள். பாதி உண்மை. ஆரம்பித்தால் நிறுத்த முடியாதவர்களுக்கு முழுதாக விடுவதுதான் வழி. எந்த அளவும் பாதுகாப்பானதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் சொல்லிவிட்டது. ஆனால் 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்று சொல்லிச் சொல்லியே, குறைக்க முடிகிறவனையும் முயற்சி செய்யவிடாமல் பண்ணுகிறோம். வாரத்துக்கு 31 ஸ்மால் மாதத்துக்கு இரண்டானது என் கல்லீரலுக்குத் தெரியும். தங்கமணிக்கும் தெரியும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் உட்கார முடியாது. இங்கே பக்கத்து மாவட்டம் வர்தாவில் மதுவிலக்கு. சந்திரபூரில் 2015-ல் கொண்டுவந்து 2021-ல் எடுத்தார்கள். அரசாங்கம் கடையைத் திறக்கட்டும், மூடட்டும். என் டம்ளரை நான்தான் அளக்க வேண்டும்.

வெளியூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். விருந்துக்கு வந்தவர் 'வேண்டாம்' என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். 'ஒண்ணே ஒண்ணு' என்று வற்புறுத்தாதீர்கள். ஊரில் என்றால் அண்ணனோ சித்தப்பாவோ கவனித்துக் கேட்பார்கள். இங்கே நம்மைக் கேட்க நாம்தான். தனியாக இருக்கும் நண்பருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன் போடுங்கள். உதவி தேவைப்படுகிறவர்களுக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. சென்னையில் 1980-லிருந்து டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

போன வாரம் ராத்திரி பத்தரைக்கு மகள் கூப்பிட்டாள். அவசரம் ஒன்றுமில்லை, காலேஜில் நடந்த ஏதோ சண்டையைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். மறுநாள் காலையில் அவள் சொன்ன ஒவ்வொரு பெயரும் எனக்கு ஞாபகம் இருந்தது.