பழைய வால்வும் புதிய பெட்டியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் குச்சனூர்ச் சனீஸ்வரர் கோயிலில் கூடும் கூட்டத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் அறியாதவர் இல்லை. அந்த நாட்களில் ஒலிபெருக்கியின் கீழே நின்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஆண்டுதோறும் ஒரு வழக்கை நடத்துகிறார்கள். "அந்தக் காலத்து வால்வு செட்டு கணீர்னு பேசுச்சு. இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா" என்பது வாதியின் தரப்பு. பிரதிவாதியான புதிய ஆம்ப்ளிபயருக்குப் பேச வக்கீல் இல்லை. என் தாய்மாமா ரேடியோ செட் வைத்துப் பிழைப்பவர்; நான் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். இந்த இரண்டு தகுதிகளையும் வைத்துக்கொண்டு அந்த வேலையை நான் ஏற்கிறேன்.

ஒரே கம்பெனியின் பழையதையும் புதியதையும் ஒப்பிடுவதே நியாயம். நம் பக்கத்தில் அதற்கு அகுஜாவை விட்டால் வேறு பெயர் கிடையாது. தில்லியில் 1940இல் தொடங்கிய அந்த நிறுவனம் வால்வுக் காலத்தையும் டிரான்சிஸ்டர் காலத்தையும் கண்டது. மாமாவிடம் அதன் வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றும், பிற்காலத்து டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் ஒன்றும் உள்ளன.

வால்வின் குரல் இனிது என்பதில் உண்மை உண்டு. ஆம்ப்ளிபயரை அதன் சக்திக்கு மீறி ஓட்டினால், ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். வால்வு அந்த உச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். டிரான்சிஸ்டரோ அரிவாளால் சீவியது போல் ஒரே வெட்டாக வெட்டும். அந்தக் கூர்மையிலிருந்து பிறக்கும் உயர்ந்த மேற்சுரங்களே காதைக் குத்துகின்றன. ஆனால் இது மீறி ஓட்டும்போது மட்டும் நேர்வது. அளவோடு ஓட்டினால் டிரான்சிஸ்டர் பெட்டி வாங்கிய ஒலியை மாற்றாமல் பெரிதாக்கித் தருகிறது. திருகை முழுவதும் திருப்பி வைத்துவிட்டுப் பெட்டியைத் திட்டுவது நம் ஊர்ப் பழக்கம்!

அந்தக் 'கணீர்' வால்விலிருந்து மட்டும் வந்ததா? அப்போது கட்டியவை கூம்புக் குழாய்கள். ஒரே மின்திறனைக் கொடுத்தால் கூம்பு, காகிதக் கூம்பு வைத்த பெட்டி ஸ்பீக்கரைவிடப் பன்மடங்கு ஒலி தரும். அடிச்சுரங்களை விட்டுவிட்டு, மனிதக் குரலின் பகுதியையே தூக்கிக் கொடுக்கும். சிறிய ஆம்ப்ளிபயரின் பாட்டு வயல்வெளி தாண்டி அடுத்த ஊர் வரை கேட்டதற்கு இதுவே காரணம். புகழ் குழாய்க்குச் சேர வேண்டியது, வால்வு வாங்கிக்கொண்டது. கூம்புக் குழாய்க்கு இன்றுள்ள கட்டுப்பாடுகளையும், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வாயடைப்பதையும் பெரியவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பழியும் புதுப் பெட்டியின் தலையில்தான் விழுகிறது.

மேல்நாட்டில் கிட்டார் வாசிப்பவர்களிடையேயும் இதே வழக்கு நடக்கிறது. ஆயின் அங்கே வாதியின் பக்கம் நியாயம் அதிகம். கிட்டார் ஆம்ப்ளிபயர் ஒலியைக் கடத்தும் கருவி மட்டுமன்று. அதுவே வாத்தியத்தின் ஒரு பாதி. அது ஒலியைக் கெடுக்கும் விதத்தைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். இலண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் செய்த முதல் ஆம்ப்ளிபயர், அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்துச் செய்தது. இங்கிலாந்தில் கிடைத்த உதிரிப் பாகங்களைப் போட்டதால் குரல் வேறாயிற்று. இன்று பழம்பெருமை பேசப்படும் மாடல் ஒரு காலத்தில் கிடைத்ததை வைத்துக் கட்டியதே! அந்த ஃபெண்டரே 2019இல் தன் புகழ்பெற்ற ட்வின் ரிவெர்பை வால்வு இல்லாமல், கணிப்பான் வழியில் ஒலியைப் போலச் செய்து வெளியிட்டது. வால்வு மாடலின் எடை ஏறக்குறைய 29 கிலோ. புதியது 15 கிலோ. ஒத்த குரலா இல்லையா என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். திருவிழாவுக்குத் திருவிழா பெட்டி சுமக்கும் மாமாவிடம் கேட்டால் எடையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

இனி என் கட்சிக்காரரின் குற்றத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஆடி மூன்றாம் சனியன்று மாமாவின் மிகப் புதிய பெட்டி (கம்பெனிப் பெயர் வேண்டாம்) உச்சிவேளையில் வாயடைத்துப் போயிற்று. மெக்கானிக் திறந்து பார்த்தார். எறும்பளவு பாகங்கள் பலகையோடு ஒட்டிக் கிடந்தன. "பலகையையே மாத்தணும்" என்றார். பெட்டி விலையில் பாதி! அன்றைய வாடகை போயிற்று. கோயிலில் மாமாவின் பெயரும் கெட்டது.

வால்வு செட்டில் பழுதென்றால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். ஆனால் வால்வுக்கு எங்கே போவது? பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்தது. இப்போது ரஷ்யாவும் சீனாவும் சுலோவாக்கியாவும் அனுப்பினால் உண்டு. உள்ளே பல நூறு வோல்ட் ஓடும். பழகாத கை வைத்தால் ஆபத்து. நடுக்காலத்து டிரான்சிஸ்டர் செட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். 2 என் 3055 போன்ற டிரான்சிஸ்டரைக் கடையில் வாங்கி, சால்டரிங் அயர்ன் வைத்திருக்கும் எவரும் மாற்றிவிடலாம். என் கருத்தில் புதிய மாடல்கள் எட்டிப்பிடிக்க வேண்டிய பழம்பெருமை வால்வு அன்று, இதுதான். ஒலியில் அவை தோற்கவில்லை. திருப்புளிக்கு இடம் கொடுப்பதில் தோற்கின்றன.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022இல் ஒரு குழு அமைத்தது. அதில் செல்போனும் டிராக்டரும் பேசப்பட்டன. ரேடியோ செட்காரரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். பெட்டியோடு சுற்றுப் படத்தையும் கொடுக்கச் சொல்லலாம்.

நம் இயற்பியல் ஆய்வகத்தில் சி.ஆர்.ஓ. இருக்கிறது. பேராசிரியர்கள் அனுமதித்தால் மாமாவின் மூன்று பெட்டிகளையும் ஆடிக்கு முன் ஒரு நாள் கொண்டுவருகிறேன். பழுதானதும் அதில் சேர்த்தி. ஒரே அலையை மூன்றுக்கும் கொடுத்து, எது எப்படி உச்சியை வெட்டுகிறது என்று திரையில் பார்ப்போம். வால்வின் பக்கம் பேசும் பெரியவர் இருவரை அழைத்து வருவது என் பொறுப்பு.