உளநோயும் எமது நாணமும்

காலொடிந்தவனை வைத்தியரிடம் தூக்கிச் செல்லும் நாம், உளஞ்சோர்ந்தவனை வீட்டினுள் மறைத்து வைக்கின்றோம். சோர்வு சோம்பலன்று, நோயே. கடும் மனச்சோர்வுற்றோரின் மூளையிலே, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சராசரியிற் சற்றுச் சிறுத்திருப்பதைப் படப்பரிசோதனைகள் காட்டியுள்ளன. 1938ஆம் ஆண்டில் உரோமாபுரியிலே செர்லெற்றி, பினி என்போர் தொடக்கிய மின்வலிப்புச் சிகிச்சையின் பின்னர் அப்பகுதி பருத்தலும் காணப்பட்டுள்ளது. எனினும், பருத்தமையாலேதான் நோய் தணிகின்றது என்பது நிறுவப்படவில்லை.

இன்று இச்சிகிச்சை, மயக்கமருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்தே முறைப்படி செய்யப்படுகின்றது. சிலருக்கு நினைவு மங்குதல் உண்டு. அதனை மறைத்தலும் தவறு; அதனையே பூதமாக்கி, உணவும் நீரும் மறுத்துக் கிடப்பவருக்கு உயிர்காக்கும் வழியை அடைத்தலும் தவறு.

அயலவர் பேச்சுக்கு அஞ்சாது நோயாளியை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் துணிவை எமக்குத் தராதெனின், நாம் இங்கு கற்ற கல்வியாற் பயனென்ன?